கீறலும் ஐபுதானா?

 

நிறுவையைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் இப்பக்கங்களில் பலமுறை பிரஸ்தாபித்தாகிவிட்டது. கலப்படத்தைப் பற்றியும் பேசியிருக்கிறோம். அவற்றையெல்லாம் படித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், நம் கடையில் அதெல்லாம் இல்லை" என்ற திருப்தியோடு பக்கத்தைப் புரட்டியவர்கள் நம்மில் பலர். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது அவ்வளவு பெரிய குற்றமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம். புதுப்பொருளின் மேல் விழுந்த கீறல், சொட்டை, நிறம் போன ஓரம் ஆகியவற்றைச் சொல்லாமல் விற்பது. இதைப் பற்றிப் பேச நமக்கு அதிக யோக்கியதை இல்லை என்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், பினாங்கில் நம் நண்பர் ஒருவரின் மின்சாமான் கடையில் அஸருக்குப் பிறகு தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண்மணி வந்தார். மகளுக்குக் கல்யாணம், சீர் வரிசையோடு ஓர் ஐஸ்பெட்டியும் கொடுக்க வேண்டுமாம். அவர் கேட்ட ரகத்தில் பார்வைக்கு வைத்திருந்த பெட்டி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதன் இடப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்திற்குக் கீறல். அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் திருப்பி வைத்திருந்தார்கள். நாம் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் கீறல் தெரியும். அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. அவர் 1,450 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். நாம் தேநீரைக் குடித்து முடித்தோம்.

மூன்றாம் நாள் அந்த அம்மையார் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தோடு திரும்பி வந்தார். அல்லாஹ்வின் நாட்டம், அன்றும் நாம் அங்கே இருந்தோம். நண்பர் பெட்டியோடு கொடுத்த உத்தரவாதச் சீட்டை விரித்து, பொடி எழுத்தில் அச்சடித்திருந்த ஒரு வரியைக் காட்டினார். கீறல், நசுங்கல், நிறம் மங்குதல், வெளித்தோற்றச் சேதம் எதற்கும் உத்தரவாதம் கிடையாது என்பது அதன் சாரம். அந்த அம்மையார் வரியைப் படிக்கவில்லை. "பாய், இந்தக் கீறல் நான் போட்டதா, முன்னாலேயே இருந்ததா? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். நண்பர் மறுபடியும் சீட்டையே காட்டினார். அவர் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் நண்பர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், சீட்டில் உள்ளதைத்தானே சொன்னேன்? பெட்டி நன்றாகக் குளிர்கிறது. கீறலால் ஐஸ் உறையாமல் போய்விடுமா? இதில் என் மேல் என்ன குற்றம்?" என்றார். கிதாபைப் பார்த்து நாளை சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம். உண்மையில் கிதாபைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. நமக்குத்தான் அவகாசம் தேவைப்பட்டது.

முதலில் அந்தச் சீட்டுக்கு நியாயம் செய்துவிடுவோம். பொருளைச் செய்த கம்பெனி கீறலுக்குப் பொறுப்பில்லை என்று எழுதுவதில் தவறொன்றும் இல்லை. மோட்டார் பழுதானால், குளிர்வாயு கசிந்தால், அது பட்டறையில் நேர்ந்த குறை என்று தேர்ந்த மெக்கானிக் சோதித்துச் சொல்ல முடியும். கீறல் அப்படியல்ல. கப்பலில் விழுந்ததா, லாரியில் விழுந்ததா, மாடிப்படியில் ஏற்றும்போது விழுந்ததா, வீட்டுப் பிள்ளை விளையாட்டுக் காரைத் தேய்த்ததா என்பதை எங்கோ இருக்கும் உற்பத்தியாளர் எப்படி அறிவார்? ஆகவே, தம் கையைவிட்டுப் போன பின் பொருளின் மேனிக்கு நேர்வது தம் கணக்கில் வராது என்கிறார். அந்தச் சீட்டு உற்பத்தியாளர் தாமாக முன்வந்து கொடுக்கும் வாக்குறுதி. எதற்கு வாக்களித்தாரோ அதற்குத்தான் அவர் பொறுப்பு.

ஆனால் நம் நண்பர் உற்பத்தியாளர் அல்லர். அவர் விற்றவர். கீறல் எங்கே, எப்போது விழுந்தது என்பது அவருக்குத் தெரியும். தெரியாதவர் சொன்ன வார்த்தையைத் தெரிந்தவர் எடுத்துத் தமக்குக் கேடயமாக்கிக் கொண்டார். அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கும் அந்தச் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. வாங்கிய பின் நேரும் சேதத்தைப் பற்றிச் சீட்டு பேசுகிறது. வாங்கும்போதே இருந்ததைப் பற்றி அவர் கேட்கிறார்.

மதீனாவின் கடைத்தெருவில் பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்கள் ஈரமாயின என்ற ஹதீதை அறியாதவர் நம்மில் இல்லை. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மழை அவர் குற்றமல்லவே! நனைந்ததற்காக நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்றுதான் கேட்டார்கள். மோசம் செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கடுமையான எச்சரிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. ஐஸ்பெட்டியில் கீறல் விழுந்தது நம் நண்பரின் குற்றமல்ல. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பியது யார் கை?

நண்பரின் இன்னொரு வாதத்துக்கு வருவோம். கீறலால் பெட்டி குளிராமல் போகாது; ஆகவே அது குறையே அல்ல என்றாரே, அது உண்மையா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஒரு சம்பவத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். வாஸிலா (ரலி) என்ற சஹாபி அங்கே நின்றிருந்தார்கள். ஏதோ யோசனையில் கவனிக்காமல் இருந்துவிட்டார்கள் போலும். வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நினைவு வந்ததும் பின்னாலேயே ஓடிச் சத்தம் போட்டு நிறுத்தி, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் ஒரு துளையைக் கண்டேன், இது தொடர்ந்து பயணம் தாங்காது என்று சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹத்தைக் குறைத்துக்கொண்டார். குறைத்துக்கொண்டு, என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வாஸிலா (ரலி) அவர்களிடம் மனத்தாங்கலும் பட்டுக்கொண்டார்!

அந்தச் சஹாபி கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். குளம்பில் துளை ஒன்றுதான். அறுத்துச் சாப்பிடுபவருக்கு அது ஐபு அல்ல. ஏறிப் போகிறவருக்கு அது ஐபு. அப்படியே கீறலும். கடையின் பின்கட்டில் மீன் வைக்க ஒருவர் ஐஸ்பெட்டி வாங்கினால், இடப்பக்கக் கீறலை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். சம்பந்தி வீட்டார் முன்னிலையில் மகளுக்குச் சீராக இறக்கி வைக்கும் தாய்க்கு அதே கீறல் எப்படிப்பட்டது? பெட்டி குளிர்வதற்கு மட்டுமா அவர் 1,450 வெள்ளி கொடுத்தார்?

ஐபு என்றால் என்ன என்பதற்கு நம் சட்ட நூல்கள் சொல்லும் அளவுகோல் வியாபாரிகளான நமக்கு மிக எளிதில் விளங்கக்கூடியது. 1869 முதல் 1876 வரை உதுமானியர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா'வை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஜொகூரில் 'மஜல்லா அஹ்காம் ஜொகூர்' என்று மலாயில் வந்ததும் இதுதான். வியாபாரிகளிடத்திலும் விஷயம் தெரிந்தவர்களிடத்திலும் எந்தக் குறை பொருளின் விலையைக் குறைக்குமோ அதுவே ஐபு என்பது அதன் கருத்து. ஷாபிஈ மத்ஹபின் நூல்களும் விலையைக் குறைப்பதையோ, தக்க நோக்கம் ஒன்றைக் கெடுப்பதையோ ஐபு என்கின்றன. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம், இந்தக் கீறலோடு இதை முழு விலைக்கு எடுத்துக்கொள்வீரா என்று கேட்டால் போதும். அவர் சிரித்தால் அது ஐபு.

நம் சங்கதியை நாமே சொல்லிக்கொள்வதில் தவறில்லை. மொத்த வியாபாரியிடமிருந்து வரும் பெட்டியில் இரண்டு பால் டின் சொட்டை விழுந்திருந்தால் நாம் சும்மா இருக்கிறோமா? உடனே டெலிபோன் செய்து கணக்கில் கழிக்கச் சொல்கிறோம். கழித்தும் விடுகிறார்கள். பிறகு அதே டின்னைத் துடைத்து, சொட்டையைப் பின்பக்கம் திருப்பி, முழு விலைச் சீட்டோடு அலமாரியில் அடுக்குகிறோம். வாங்கும்போது ஐபு; விற்கும்போது ஐபு அல்ல! அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றித் திருமறையில் ஒரு தனி சூராவே இறங்கியிருப்பதை நினைவூட்டினால் போதும். (டின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பக்கவாட்டில் லேசாக நெளிந்தது தோற்றக் குறை மட்டுமே. ஆனால் மேல் விளிம்பிலோ ஒட்டுவாயிலோ ஆழமாக நசுங்கியது, உப்பியது, கசிவது ஆகியவற்றை விலை குறைத்தும் விற்கக்கூடாது. உள்ளே இருப்பது விஷமாகிவிடலாம். அதைக் குப்பையில் போடுங்கள்.)

'இஹ்யா'வில் இமாம் அவர்கள் மோசடியின் வகைகளைச் சொல்லும்போது, துணியின் நல்ல முகத்தை மட்டும் விரித்துக் காட்டி மறுமுகத்தை மடித்து வைப்பவரையும், இருட்டான இடத்தில் துணியைக் காட்டுபவரையும், ஜோடிச் செருப்பில் நல்லதை மட்டும் எடுத்து நீட்டுபவரையும் மோசக்காரர் பட்டியலில் சேர்க்கிறார்கள். இமாம் அவர்கள் மறைந்தது கி.பி. 1111-ல். நம் காலத்து நகைக்கடை விளக்குகளையும் துணிக்கடை விளக்குகளையும் பார்த்திருந்தால், இருட்டு மட்டுமல்ல, வெளிச்சமும் மறைக்கும் என்று ஒரு வரி சேர்த்திருப்பார்களோ என்னவோ.

நிற்க. நம் தேசத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நம்மவர் அறிந்திருக்க வேண்டும். 'கிதாபில் உள்ளது கிதாபோடு, கடையில் சட்டப்படிதான்' என்று பேசுபவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வேலை செய்தால் மட்டும் அது போதாது. தோற்றமும் மேற்பூச்சும் ஏற்கும்படி இருக்க வேண்டும். சிறு குறைகளும் இருக்கக்கூடாது. விலை என்ன, பொருள் என்ன என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். குறையை வாங்குபவரின் கவனத்துக்கு முன்கூட்டியே கொண்டுவந்திருந்தால் அந்தக் குறைக்காக வழக்கில்லை. பார்வைக்கு வைத்த பொருளானால் அந்தக் குறையை எழுத்தில் எழுதி, பொருளோடு வைத்திருக்க வேண்டும். நனைந்த தானியத்தை மேலே வை என்ற கட்டளைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது? உத்தரவாதச் சீட்டில் எதை எழுதினாலும் இந்தப் பொறுப்பைத் தள்ளிவிட முடியாது என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது.

சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அங்கே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் தோற்றமும் மேற்பூச்சும் சிறு குறையின்மையும் தரத்தின் அங்கங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை பொருளை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படியல்ல என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. ஆனால் பொருளின் தன்மைக்கோ குறையின் தன்மைக்கோ அந்த அனுமானம் ஒவ்வாதபோது அது செல்லாது. ஐந்து மாதம் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் கிடந்த கைத்தொலைபேசியின் கீறலை யாரும் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது.

கடைக்குக் கடை நடக்கும் வியாபாரத்தில் மட்டும் சட்டம் சற்றுத் தளர்வானது. தீபகற்ப மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் சரக்கைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அவர் பின்னால் முறையிட இயலாது. உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொள், பின்னால் எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவும் இடமுண்டு. நம்மவரில் ஏலச் சரக்கு எடுப்பவர்களுக்கு இது பழக்கமான வாசகம்.

இவ்வாசகம் நம் சட்ட நூல்களுக்கும் புதிதல்ல. ஹனஃபி மத்ஹபில் இந்த நிபந்தனை செல்லும். ஷாபிஈ மத்ஹபில், பிராணிகளில் விற்றவர் அறியாத உள்மறைவான குறைக்குத்தான் இது விடுதலை தரும், மற்றவற்றுக்குத் தராது. எந்த மத்ஹபிலும், தெரிந்த ஐபை மூடி வைக்க இந்த வாசகம் அனுமதிச் சீட்டு ஆகாது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் வரும் சம்பவம் ஒன்று. அடிமைகளை விற்கும் வழக்கம் இருந்த அக்காலத்தில், இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை எண்ணூறு திர்ஹத்துக்கு, குறைகளுக்குத் தாம் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்றார்கள். வாங்கியவர், அடிமைக்கு நோய் இருந்ததைத் தம்மிடம் சொல்லவில்லை என்று உதுமான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். அறிந்த நிலையில் விற்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி உதுமான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். எழுதி வாங்கிய நிபந்தனை கையில் இருந்தது; அதைக் காட்டிக்கொண்டு அவர்கள் நிற்கவில்லை. பின்னர் அந்த அடிமை குணமடைந்து ஆயிரத்தைந்நூறு திர்ஹத்துக்கு விலை போனார் என்பதையும் 'முவத்தா' சொல்கிறது.

கீறல் எப்போது விழுந்தது என்பதுதான் எல்லாத் தகராறுகளுக்கும் வேர். பொருள் வாங்குபவர் கைக்கு முறையாகப் போய்ச் சேரும்வரை அதன் பொறுப்பு விற்றவரிடம் என்பது ஷாபிஈ சட்டம். ஆகவே நம் லாரியில் விழுந்த சொட்டை நம் சொட்டைதான். இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. சாமான் இறக்கும் பையன்கள், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். உறைக்குள் இருப்பதைப் பார்க்காதவர் அதன் நிலைமையைப் பற்றி எப்படிச் சாட்சி சொல்ல முடியும்? பையன்களைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தத் தாளை அடித்துக் கொடுத்தது முதலாளிதான். உறையைப் பிரித்து, நான்கு பக்கமும் காட்டி, பிறகு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் அதிகமாகும். அந்தக் கையெழுத்துக்குத்தான் மதிப்பு.

வாங்குபவர் பக்கம் தப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் உபயோகித்துவிட்டு, கீறலையும் தாமே போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை திருப்பிக் கொண்டுவருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாமும் பார்த்திருக்கிறோம். கியாருல் ஐபு, அதாவது குறை கண்டு திருப்பும் உரிமை, அவர்களுக்குக் கிடையாது. குறையைக் கண்ட பின்னும் தாமதித்து உபயோகித்துக்கொண்டே இருந்தவர் அதற்குச் சம்மதித்தவராவார். பழைய கீறல் நம் கையிலும் புதிய சொட்டை அவர் கையிலும் விழுந்திருந்தால், கட்டாயப்படுத்தித் திருப்ப முடியாது. நாமாக ஏற்றுக்கொள்ள மனமில்லையானால், பழைய கீறலுக்கான 'அர்ஷ்' என்ற நஷ்டஈட்டைத் தர வேண்டும். அதன் கணக்கு விகிதக் கணக்கு. குறையில்லாத பொருளின் சந்தை மதிப்பு 1,000 வெள்ளி, கீறலோடு 900 வெள்ளி என்றால், குறைவு பத்தில் ஒன்று. அவர் நம்மிடம் கொடுத்தது 1,200 வெள்ளியானால் அதில் பத்தில் ஒன்றான 120 வெள்ளியைத் திருப்ப வேண்டும். பேரம் பேசி ஐம்பதில் முடித்து அனுப்புவதல்ல.

மறுநாள் இவ்வளவையும் நண்பரிடம் சொன்னோம். அவர் இரண்டு கேள்வி கேட்டார். அந்த அம்மையார் நம்மவரல்லவே, அவருக்கும் இந்தக் கடமை உண்டா என்பது ஒன்று. வாங்குபவர் எந்த மதத்தவரானாலும் ஐபைச் சொல்வது கடமை என்று நம் ஷாபிஈ இமாம்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள் என்றோம். அடுத்த கேள்விக்குத்தான் நாம் பயந்துகொண்டிருந்தோம். "அப்படியானால் ஹஜ்ரத், நீங்களும் பார்த்தீர்களே! அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

வாஸிலா (ரலி) அவர்கள் ஒட்டகத்தின் பின்னால் ஓடியதற்குக் காரணம் அவர்களே சொன்னதுதான். குறையைச் சொல்லாமல் விற்பது ஹலால் அல்ல. அதை அறிந்த வேறொருவர் சொல்லாமல் இருப்பதும் ஹலால் அல்ல என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். இந்த ஹதீதை மிம்பரில் நாம் பலமுறை ஓதிக் காட்டியிருக்கிறோம். கடையில் உட்கார்ந்திருந்தபோது நம் கையில் இருந்தது நண்பர் வாங்கிக் கொடுத்த தேநீர்.

அவருக்கு அப்படியே பதில் சொன்னோம். நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால் நாம் போய்ச் சொல்ல வேண்டியதாகும் என்றும் சொன்னோம். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. என் வியாபாரத்தைக் கெடுக்கவா கடைக்கு வருகிறீர்கள் என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவரே வந்து, "வாருங்கள், இருவரும் போவோம்" என்றார்.

அம்மையாரின் வீட்டில் பெட்டி இன்னும் கூடத்திலேயே இருந்தது. கீறலைக் கண்ட நாளிலிருந்து மின்சாரத்தில் மாட்டவேயில்லையாம். பணம் முழுவதையும் லாரிக் கூலியோடு நண்பர் மேசைமேல் வைத்து, கீறல் முன்பே இருந்தது என்றார். அவர் பணத்தை எண்ணவில்லை. நம்மைப் பார்த்து, "நீங்களும் அன்னிக்கு அங்கதான உக்காந்திருந்தீங்க, பாய்?" என்று கேட்டார். ஆம் என்றோம். "தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.

பெட்டி இப்போது நண்பரின் கடை வாசலில், இடப்பக்கம் வெளியே தெரியும்படி நிற்கிறது. 'இந்தப் பக்கம் கீறல் உள்ளது, விலை 1,250 வெள்ளி' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறார். இதை எழுதும் நாள்வரை விற்கவில்லை.